ஒன்பது வரைந்தால் நாற்பத்து மூன்று

ஸ்ரீ சக்கரம் வரைய உட்காருகிறவர் உண்மையில் வரைவது ஒன்பது முக்கோணங்களைத்தான். ஐந்து கீழ்நோக்கியவை, நான்கு மேல்நோக்கியவை. கீழ்நோக்கியவற்றைச் சக்தி என்றும் மேல்நோக்கியவற்றைச் சிவம் என்றும் மரபு சொல்லும். ஒன்றையொன்று ஊடறுத்து நிற்கும் இந்த ஒன்பதையும் வரைந்து முடித்தபின் எண்ணிப் பார்த்தால் 43 சிறு முக்கோணங்கள் தெரியும். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி எட்டு, அடுத்துப் பத்து, அதற்கு வெளியே இன்னொரு பத்து, விளிம்பில் பதினான்கு. இந்த 43-ல் ஒன்றைக்கூட யாரும் தனியாக வரையவில்லை.

இந்த வடிவம் மனிதப் பிரக்ஞையின் மாதிரி என்று சாக்த மரபு சொல்கிறது. அந்தக் கூற்றை அறிவியலைக் கொண்டு எடைபோட விரும்பினால் தொடங்க வேண்டிய இடம் இந்த நாற்பத்து மூன்றுதான் என்று நினைக்கிறேன். கோடுகளும் இடைவெளிகளும் தாளில் இருக்கின்றன. ஒரு கோடு எந்த வடிவத்துக்குக் கரை என்கிற தீர்ப்பு மட்டும் தாளில் இல்லை. ஒரே கோட்டுத் துண்டு ஒரு பெரிய முக்கோணத்தின் பக்கமாக இருக்கிறது. அதே துண்டு இரண்டு சின்ன முக்கோணங்களுக்கு எல்லையாகவும் இருக்கிறது. டென்மார்க்கின் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-ல் ஆராய்ந்த குவளைப் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள்: குவளை தெரியும்போது முகங்கள் தெரியாது, முகங்கள் தெரியும்போது குவளை பின்னணியாகிவிடும். எல்லைக்கோடு ஒரு சமயத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் சொந்தம். 2000-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ருடிகர் வான் டெர் ஹைட்டும் அவருடைய சகாக்களும் இதற்கான நரம்பு அடிப்படையைக் குரங்குகளின் பார்வைப் புறணியில் கண்டார்கள். அங்குள்ள நரம்பணுக்களில் பல, ஒரு விளிம்பைப் பார்த்ததும் வெறுமனே துடிப்பதில்லை. அந்த விளிம்பு இடப்பக்க வடிவத்துக்குச் சொந்தமா, வலப்பக்க வடிவத்துக்குச் சொந்தமா என்பதைப் பொறுத்து அவற்றின் துடிப்பு கூடிக் குறைகிறது.

ஸ்ரீ சக்கரத்தை நிதானமாகப் பார்த்தால் இது நமக்கே தெரியும். ஒன்பது பெரிய முக்கோணங்களைப் பிடித்துவைத்தால் 43 கரைந்துவிடும். நாற்பத்து மூன்றைப் பார்த்தால் ஒன்பதும் சிதறும். தாளில் மை நகரவில்லை. பார்க்கிறவரிடம்தான் ஏதோ நகர்ந்தது. பிரக்ஞையைப் படமாகக் காட்டும் முயற்சிகள் உலகில் பல உண்டு. பார்க்கிறவர் தம்முடைய பார்வை வேலை செய்வதையே கையும் களவுமாகப் பிடிக்கும்படி அமைந்த படங்கள் குறைவு.

இதைச் செய்தவர்கள் என்ன நினைத்துச் செய்தார்கள்? நல்லவேளையாக எழுதிவைத்திருக்கிறார்கள். பாவனோபநிஷத்து என்று மிகச் சிறிய நூல் ஒன்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சைச் சீமையில் காவிரிக்கரையில் வாழ்ந்த பாஸ்கரராயர் அதற்கு உரை எழுதினார். அவர் பெயரால் பாஸ்கரராஜபுரம் என்ற ஊர் இன்றும் உண்டு. ஸ்ரீ சக்கரத்தின் ஆவரணங்கள் எனப்படும் ஒன்பது சுற்றுகளையும் மனித உடம்போடும் மனத்தோடும் ஒவ்வொன்றாகப் பொருத்துவதுதான் அந்த நூலின் வேலை. வெளியே மூன்று கோட்டாலான சதுரம் இருக்கிறதல்லவா, அதன் ஒரு கோட்டில் காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாச்சரியம், புண்ணியம், பாவம் என்ற எட்டும் நிற்கின்றன. பதினாறு இதழ்த் தாமரையில் ஐந்து பூதங்கள், ஐந்து புலன்கள், ஐந்து தொழிற்கருவிகள், பதினாறாவதாக மனத்தின் திரிபு. எட்டு இதழ்த் தாமரையில் பேசுதல், பற்றுதல், நடத்தல், கழித்தல், இன்புறுதல் ஆகிய செயல்கள் ஐந்தும், அவற்றோடு விலக்குதல், ஏற்றல், பொருட்படுத்தாதிருத்தல் என்ற மனநிலைகள் மூன்றும். அதற்கு உள்ளே பதினான்கு நாடிகள், பத்து வாயுக்கள், உணவைச் செரிக்கும் பத்துத் தீக்கள். நடு முக்கோணத்தை ஒட்டிய எட்டில் குளிர், வெப்பம், சுகம், துக்கம், இச்சை, அவற்றோடு மூன்று குணங்கள். மையத்தில் இருக்கும் தேவியின் கையில் உள்ள மலரம்புகள் ஐந்தும் ஒலி முதலான ஐந்து புலனுணர்வுகள், கரும்பு வில் மனம், பாசம் விருப்பு, அங்குசம் வெறுப்பு.

இந்த வரிசையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வெளி வாசலில் இருப்பவை மனிதர் நடுவே பிறக்கும் உணர்ச்சிகள்: பொறாமைக்கு இன்னொருவர் வேண்டும், மதத்துக்கும் வேண்டும். அடுத்து உலகத்தை உள்ளே வாங்கும் புலன்கள். அதற்கும் உள்ளே மூச்சு, செரிமானம் என்று உடம்பின் அரவமில்லாத வேலைகள். மையத்துக்குப் பக்கத்தில் குளிரும் வெப்பமும் சுகமும் துக்கமும். சிந்தனை, தர்க்கம், மொழி ஆகியவற்றைத்தான் நாம் பொதுவாக மனத்தின் உச்சி என்று எண்ணுவோம். இந்த நூல் நடுவை ஒட்டி வைப்பதோ உடம்பின் அடிப்படை உணர்வுகளை.

2002-ல் அமெரிக்க நரம்பியலாளர் கிரெய்க் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெப்பம், குளிர், வலி, பசி, மூச்சுத் திணறல் போன்ற உடல்நிலை உணர்வுகள் தொடு உணர்விலிருந்து வேறான தனி நரம்புப் பாதையில் ஏறி, மூளையின் உள்மடிப்பில் இருக்கும் இன்சுலா என்ற பகுதியை அடைகின்றன. 'நான் இருக்கிறேன்' என்ற உணர்வுக்கு அடித்தளம் அங்கேதான் இடப்படுகிறது என்பது அவர் வாதம். அந்தோனியோ டமாசியோவும் உடம்பின் உள்நிலையைப் பற்றிய உணர்விலிருந்தே பிரக்ஞை முளைக்கிறது என்று நெடுங்காலமாக எழுதிவருகிறார். பாவனோபநிஷத்துக்கு இன்சுலா தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணை மூடித் தன் உடம்பைப் பொறுமையாகக் கவனித்த யாரோ, சத்தமும் பேச்சும் ஓய்ந்தபின் மிச்சமிருப்பது குளிரும் வெப்பமும் இன்பமும் துன்பமும்தான் என்று கண்டு, அவற்றை மையத்தின் அருகே வைத்திருக்கிறார். ஆய்வகம் இல்லாமல் செய்யக்கூடிய கவனிப்பு அது. சரியான கவனிப்பும்கூட.

தமிழில் சக்கரம் பற்றிய எண்ணம் இன்னும் பழையது. திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் திருவம்பலச் சக்கரம், புவனாபதிச் சக்கரம், நவாக்கரி சக்கரம் என்று சக்கரங்கள் வரிசையாக வருகின்றன. கட்டம் போட்டு எழுத்து அடைக்கும் முறை வரைக்கும் திருமூலர் சொல்கிறார். காஞ்சி காமாட்சியின் சந்நிதியில் அம்மனுக்கு முன்னே ஸ்ரீ சக்கரம் பிரதிஷ்டை செய்யப்பட்டிருக்கிறது. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் ஆவரணத்துக்கு ஒன்றாகக் கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகளை அமைத்தார். அவற்றை வரிசையாகப் பாடினால் வெளிச் சதுரத்திலிருந்து நடுப்புள்ளியான பிந்து வரைக்கும் கவனம் படிப்படியாக உள்ளே போகும். பூஜையிலும் அதே வரிசைதான். சுவரில் மாட்டிப் பார்க்கும் படமாக யாரும் ஸ்ரீ சக்கரத்தை உண்டாக்கவில்லை. கவனத்தை இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு, இந்த வரிசையில் நகர்த்து என்று அது வழி சொல்கிறது.

வரைவது எவ்வளவு கடினம் என்பதும் இதில் சேர்த்தி. மரபு முறை ஒன்றின்படி வட்டத்தின் விட்டத்தை 48 பங்காகப் பிரிக்க வேண்டும். மேலிருந்து 6, 6, 5, 3, 3, 4, 3, 6, 6 பங்குகள் தள்ளி ஒன்பது குறுக்குக் கோடுகள். கடைசிக் கோட்டுக்குக் கீழே மிஞ்சுவது 6. மூன்றாவது கோடும் ஏழாவது கோடும் மட்டும் வட்டத்தைத் தொடும் வரை நீளும். மற்றவற்றின் இரு முனைகளையும் குறித்த அளவுக்கு அழிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கோட்டின் முனைகளையும் வேறொரு கோட்டின் நடுவோடோ வட்டத்தின் விளிம்போடோ இணைத்தால் முக்கோணங்கள் கிடைக்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், பல இடங்களில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூட வேண்டும். இரண்டு கோடு கூடுமிடம் சந்தி, மூன்று கூடுமிடம் மர்மம். இரண்டு கோடுகளை எங்கே வேண்டுமானாலும் வெட்டவைக்கலாம். மூன்றாவதும் அதே புள்ளியில் வந்து விழுவது தானாக நடக்காது. ஒரு மர்மத்தைச் சரிசெய்ய ஒரு கோட்டை மயிரிழை நகர்த்தினால், தொலைவில் இருக்கும் வேறொரு மர்மம் பிளந்து அங்கே ஒரு குட்டி முக்கோணம் வாயைத் திறக்கும். ஒன்பது முக்கோணங்களும் ஒன்றோடொன்று அப்படிக் கட்டுண்டு கிடக்கின்றன.

1984-ல் மாஸ்கோவைச் சேர்ந்த குலைச்சேவ், இந்திய அறிவியல் வரலாற்று ஆய்விதழில் இதன் கணிதத்தை எழுதினார். எல்லா மர்மங்களும் துல்லியமாகக் கூட வேண்டுமென்றால் பல மாறிகள் கொண்ட நேரிலிச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. கையால் செய்யும் வேலையில்லை. 2002-ல் பிரெஞ்சுக் கணினி அறிஞரும் சம்ஸ்கிருத அறிஞருமான ஜெரார் யூவே இதே சிக்கலை முறையாக அலசிக் கணினிக் கோட்பாட்டு இதழ் ஒன்றில் வெளியிட்டார். 48 பங்குக் கணக்கில் வரைந்தால் சிறு பிழை மிஞ்சும். கோட்டின் தடிமன் அதை விழுங்கிவிடும். செம்புத் தகட்டில் வெட்டுகிறவரின் கண் மிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். பழைய கைவினைஞர்களிடம் சமன்பாடு இருந்திருக்க வேண்டியதில்லை. கண் இருந்தது, பிழை தெரியும் வரை திரும்பத் திரும்ப வரையும் பொறுமை இருந்தது. அந்தப் பொறுமையே ஒரு தியானமாக அமைந்திருக்கும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கோட்டுக்கு முன்னால் இப்படி உட்காரும் பழக்கம் இன்றும் பாடமாகச் சொல்லித்தரப்படும் இடம் மாமல்லபுரம். 1957-ல் அங்கே தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் கோயில் கட்டடக்கலையும் கல், சுதை, மரம், உலோகச் சிற்பமும் கற்பிக்கிறார்கள். கல்லில் உளி படும் முன் கோடு வரும். கோயில் எழுப்பும் முன் தரையில் கட்டம் வரும். 64 பதங்கள் கொண்ட மண்டூக மண்டலம், 81 பதங்கள் கொண்ட பரமசாயிகம் என்று சிற்ப நூல்கள் ஒரு பதத்திலிருந்து 1024 பதங்கள் வரை 32 வகைக் கட்டங்களைச் சொல்கின்றன. அந்தச் சதுரத்தின்மேல் வாஸ்து புருஷன் படுத்திருக்கிறான்: தலை ஈசானியத்தில், கால் நைருதியில். 64-ல் நடு நான்கு பதங்களும், 81-ல் நடு ஒன்பது பதங்களும் பிரம்மாவுக்கு. கோடுகள் வெட்டும் இடங்களில் மர்மங்கள். அங்கே தூணோ சுவரோ ஏறக்கூடாது, ஏறினால் உடம்பின் உயிர்நிலையில் குத்தினது போல ஆகும் என்பது விதி. கட்டம், உடம்பு, மர்மம், மையம் என்று ஸ்ரீ சக்கரத்தின் இலக்கணமே இங்கே சதுரத்தில் பேசப்படுகிறது.

அந்தக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர் வை. கணபதி ஸ்தபதி. 1927-ல் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். குமரி முனையில் 2000-ன் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை அவர் தலைமையில் உருவானது. 2009-ல் பத்மபூஷண், 2011-ல் மறைவு. அவர் இந்தக் கட்டத்தைக் கட்டட விதி என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அணுவளவு வெளியிலும் அண்டத்திலும் ஒரே ஒழுங்குதான் இயங்குகிறது, அதன் வடிவம் 8×8 கட்டம், அதைக் கனமாக்கினால் கிடைக்கும் கனசதுரம் மனிதனுக்குள்ளும் பிரக்ஞையாகத் துடிக்கிறது என்று வாதிட்டார். மயன் பெயரில் வழங்கும் நூல்களை ஆதாரமாகக் காட்டினார். அவற்றில் ஒன்றான ஐந்திறத்தின் பழமையை ஆராய்ச்சியாளர்கள் பலர் ஏற்கவில்லை. இயற்பியலாக எடுத்துக்கொண்டால் அவர் சொன்னதைச் சோதிக்க வழியில்லை. அண்டத்தின் அடிப்படை அலகு கனசதுரம் என்று எந்த அளவீடும் காட்டவில்லை. ஆனால் அவர் பேசியது கற்பனையில் மிதந்த பேச்சல்ல. நூல் பிடித்து, கட்டம் போட்டு, நூற்றுக்கணக்கான டன் கல்லை ஒழுங்குக்குள் கொண்டுவந்த ஒருவர், அந்த ஒழுங்கு தமக்குள்ளிருந்து எப்படி எழுகிறது என்று கேட்டுக்கொண்ட கேள்வி அது. விடையை ஏற்காதவர்களும் கேள்விக்கு மரியாதை தர வேண்டும்.

பல்லவர் குடைவரைகளில் ஸ்ரீ சக்கரத்தைத் தேடி அலைய வேண்டாம். அங்கே அது இல்லை. பிரக்ஞையைக் கல்லில் யோசித்ததற்கு வேறொரு சான்று இருக்கிறது: மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி மண்டபம். வடக்குச் சுவரில் சிங்கத்தின்மேல் வில் வளைத்துப் பாயும் தேவி. எதிரே எருமைத்தலை அசுரன் பின்வாங்குகிறான். தெற்குச் சுவரில் அரவணையில் அசைவற்றுக் கிடக்கும் திருமால். காலருகே மதுவும் கைடபனும். இரண்டு கதைகளும் தேவி மாகாத்மியத்தில் வருபவை. அதன் முதல் கதையில் திருமாலைத் தூங்கவைத்திருப்பவளே தேவிதான். யோகநித்திரை என்பது அவள் பெயர். அவள் விலகினால்தான் அவர் விழிப்பார். ஆக ஒரு சுவரில் உறக்கமாக மறைந்திருக்கும் அதே சக்தி, எதிர்ச் சுவரில் விழிப்பாகப் பாய்கிறது. நடுக் கருவறையில் சோமாஸ்கந்தர். தேவியின் சுவரில் எல்லா உடல்களும் சாய்கோட்டில், வேகத்தில். திருமாலின் சுவரில் நீளமான கிடைக்கோடு. உறக்கம், விழிப்பு என்ற இரண்டு நிலைகளுக்குச் சிற்பி தேர்ந்த வடிவியல் அது. அந்த மண்டபத்தில் இரு சுவருக்கும் நடுவே நின்று மாறி மாறிப் பார்த்தவர்களுக்கு நான் இன்னும் விளக்க வேண்டியதில்லை.

இனி மூளைக்கு வருவோம். பிந்துவில் பார்வையை நிறுத்தி அசையாமல் இருந்தால் சில விநாடிகளில் சுற்றியுள்ள இதழ்களும் கோடுகளும் மங்கத் தொடங்கும். சிலவேளை அறவே மறையும். 1804-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் இக்னாஸ் டிராக்ஸ்லர் இதை விவரித்தார். மாறாத தூண்டலுக்கு நரம்பணுக்கள் பழகிப்போய்ப் பதில் சொல்வதை நிறுத்திவிடுகின்றன. ஓரப் பார்வையில் இது வேகமாக நடக்கும். நாம் ஒரே இடத்தைப் பார்ப்பதாக நினைக்கும்போதும் கண் மிகச் சிறிதாகத் துள்ளிக்கொண்டே இருப்பதால்தான் உலகம் மறையாமல் நிற்கிறது. அந்தத் துள்ளல்கள் குறையும்போது மங்கல் கூடுகிறது என்று சுசானா மார்ட்டினெஸ் கோண்டேவின் குழு 2006-ல் காட்டியது. கண் அடங்க அடங்க வெளிச்சுற்றுகள் ஒடுங்குகின்றன. வெளியிலிருந்து உள்ளே போகும் வழிபாட்டு வரிசையை மரபு சம்ஹாரக் கிரமம், அதாவது ஒடுக்க முறை என்று அழைக்கிறது. இந்த இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் பிந்துவை உற்றுப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஒடுக்கம் கண்கூடான அனுபவமாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

பார்வைப் புறணியில் உலகம் பதியும் விதமும் பொருத்தமானது. பார்வையின் நடுப் பத்துப் பாகைக்கு முதன்மைப் பார்வைப் புறணியில் ஏறக்குறையப் பாதி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பரந்த ஓரம் முழுவதும் மீதிப் பாதிக்குள் அடங்க வேண்டும். அந்த வரைபடத்தில் மையத்தைச் சுற்றிய வட்டங்கள் இணைகோடுகளாகின்றன. மையத்திலிருந்து விரியும் கதிர்களும் அவற்றுக்குக் குறுக்கான இணைகோடுகளாகின்றன. அதனால் புறணியில் தானாக எழும் எளிய கோட்டலைகள், பார்ப்பவருக்கு வட்டங்களாகவும் கதிர்களாகவும் சுருள்களாகவும் தெரியும். 1920களில் ஹைன்ரிச் க்ளூவர், மெஸ்கல் என்ற மாயக்காட்சி தரும் கள்ளியை உண்டவர்கள் கண்ட காட்சிகளைத் தொகுத்து, வலைக்கண், சிலந்தி வலை, சுரங்கம், சுருள் என்று நான்கே வகைக்குள் அவை அடங்குவதைக் காட்டினார். ஏன் நான்கு வகை மட்டும் என்பதற்கு ஜாக் கோவனும் பார்ட் எர்மென்ட்ராவ்ட்டும் 1979-ல் கணித விளக்கம் தந்தார்கள். 2001-ல் கோவனும் ப்ரெஸ்லாஃப் முதலான வேறு சிலரும் அதை விரிவாக்கினார்கள். புறணியின் கம்பிக்கட்டு எப்படியோ அப்படியே காட்சியும். மையமும் வட்டமும் இதழும் கொண்ட மண்டலங்கள் திபெத்திலும் தமிழகத்திலும் மனத்தைக் கவர்ந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகம். ஒன்பது முக்கோணங்களின் பின்னல் அந்த நான்கு வகையில் எதிலும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்டத்தையும் இதழையும் மூளை தானே தந்துவிடும். முக்கோணப் பின்னலை மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதே பெரிய வியப்பு.

இப்படி வியக்க வேண்டிய இடங்கள் இருக்கும்போது, இல்லாதவற்றைச் சொல்லிச் சிலர் இதைக் கொச்சைப்படுத்துவது வருத்தமாக இருக்கிறது. ஓம் என்று உச்சரித்தால் தட்டில் மணல் ஸ்ரீ சக்கரமாகக் கூடும் என்று சுற்றிக்கொண்டிருக்கும் கதை அப்படி ஒன்று. அதிரும் தட்டில் மணல் கோலம் போடும் என்பதை எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-லேயே வெளியிட்டார். தட்டு அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கும், அவ்வளவுதான். எந்தக் கோலம் வரும் என்பதைத் தட்டின் வடிவம், அளவு, தடிமன், எங்கே பிடித்திருக்கிறோம், எந்த அதிர்வெண் என்பவை தீர்மானிக்கின்றன. ஒரே ஓங்காரத்தை ஒரு குழந்தையும் ஒரு ஓதுவாரும் சொன்னால் அதிர்வெண் வேறு. வட்டத் தட்டும் சதுரத் தட்டும் வேறு கோலம் தரும். ஒரு சொல்லுக்கென்று ஒரு வடிவம் கிடையாது. மூன்று கோடு ஒரு புள்ளியில் கூடுவதற்குச் சமன்பாடு கேட்கும் பின்னலை, அதிரும் தட்டின் மேல் கொட்டிய மணல் தற்செயலாகப் போட்டுவிடும் என்று சொல்வது, உழைத்து வரைந்தவர்களுக்கு நன்றி சொல்வதாகாது.

பிரக்ஞைக்கு வடிவியலைத் தேடுவது பழைய காலத்தோடு முடிந்த ஆசையுமல்ல. ஜூலியோ டொனோனி 2004-ல் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டை முன்வைத்தார். 2009-ல் டேவிட் பால்டுஸ்ஸியோடு சேர்ந்து, ஒவ்வொரு அனுபவத்தையும் பல பரிமாண வெளியில் ஒரு வடிவமாக எழுதலாம் என்றார். சிவப்பைப் பார்ப்பது ஒரு வடிவம், பல்வலி இன்னொரு வடிவம். 2023-ல் 124 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு இந்தக் கோட்பாட்டைப் போலி அறிவியல் என்று கடிதம் எழுதினார்கள். வேறு பலர் அந்தக் கடிதத்தைக் கண்டித்தார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில் கிறிஸ்டோஃப் காக், தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் 1998-ல் கட்டிய பந்தயத்தில் தோற்றதாக ஒப்புக்கொண்டு மது புட்டிகளைக் கொடுத்தார். 25 ஆண்டுகளில் பிரக்ஞையின் தெளிவான நரம்பு அடையாளம் கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்பது காக்கின் பந்தயம். கண்டுபிடிக்கப்படவில்லை. இன்றைய கோட்பாடுகளுக்கே நிலைமை இதுவென்றால், தந்திர மரபின் மாதிரியிடம் இறுதி விடையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனிடம் கேட்க வேண்டியது வேறு: கவனத்தை எந்த வரிசையில் நகர்த்தினால் எந்த அனுபவம் வருகிறது என்று அது சொல்வது சோதனையில் தேறுமா?

கோடு போடும் பழக்கத்தை அறிவியலாக்க முடியும் என்பதற்கு, மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் வாசல் கோலத்தை அணி இலக்கணம் என்ற கணினிக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நம் பெண்கள் விடிகாலையில் போடும் புள்ளிக் கோலத்துக்குள் விதிகள் இருக்கின்றன, அந்த விதிகளைக் கணினிக்குச் சொல்லித்தர முடியும் என்று உலகம் அறிந்தது அப்படித்தான். அதே சிரோமணி, மைக்கேல் லாக்வுட், தயானந்தன் ஆகியோரோடு சேர்ந்து மாமல்லபுரச் சிற்பங்களையும் ஆராய்ந்து 1974-ல் நூலாக்கினார். கோலத்துக்குச் செய்த மரியாதையை ஸ்ரீ சக்கரத்துக்கும் செய்யலாம்.

செய்முறை கடினமில்லை. மூன்று குழுக்கள்: ஆண்டுக்கணக்கில் நவாவரண பூஜை செய்துவரும் உபாசகர்கள், பூஜைப் பழக்கமில்லாத, ஆனால் கோட்டில் கைதேர்ந்த மாமல்லபுரச் சிற்பிகள், இரண்டும் தெரியாத பொதுவானவர்கள். மூவருக்கும் ஸ்ரீ சக்கரமும், அதே அளவு கோடுகளை ஒழுங்கின்றிக் கலைத்துப் போட்ட இன்னொரு வடிவமும் காட்டப்பட வேண்டும். கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவி கண்ணின் நுண்துள்ளல்களை எண்ணும். சுற்று இதழ்கள் எந்த விநாடியில் மங்கின, ஒன்பது தெரிவதிலிருந்து 43 தெரிவதற்குப் பார்வை எப்போது மாறியது என்பதைப் பார்ப்பவரே பொத்தானை அழுத்திச் சொல்வார். உபாசகர்களிடம் மட்டும் வேறுபாடு தெரிந்தால் அது தியானப் பயிற்சியின் விளைவு. சிற்பிகளிடமும் அதே அளவு தெரிந்தால் அது கோட்டோடு பழகிய கண்ணின் விளைவு. பக்திக்கு அதில் பங்கில்லை என்றாகும். கலைத்துப் போட்ட வடிவத்துக்கும் எல்லாம் அப்படியே நடந்தால், ஸ்ரீ சக்கரத்தின் குறிப்பிட்ட அமைப்புக்குத் தனி வேலை எதுவுமில்லை என்று ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். சென்னை ஐஐடியின் புதிய வளாகம் இதே மாவட்டத்தில் தையூரில் வந்திருக்கிறது. அங்கிருந்து மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்கள் பக்கம்தான். கருவியும் இருக்கிறது, பழகிய கண்களும் இருக்கின்றன.